தன் மனத்தின் பாரத்தைத் தானறிதல்

காலில் முள் தைத்தால் மனிதன் அக்கணமே அறிகிறான்; குனிந்து அதனைக் களைகிறான். வயிற்றில் பசி தோன்றினால் அறிகிறான், உணவு தேடுகிறான். ஆனால் தன் மனத்தின்மேல் பாரம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவதை மட்டும் அவன் அறிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அறிகிறார், மனைவி அறிகிறாள், பேசத் தெரியாத குழந்தையுங்கூட, தந்தையின் செருப்போசை கேட்டதும் மூலையில் ஒதுங்கி, தான் அறிந்ததைக் காட்டிவிடுகிறது. எல்லார்க்கும் பின்னர், எல்லாம் முற்றிய பின்னரே, உரியவன் அறிகிறான். இஃது ஏன்? தன் மனத்தின் நெருக்கடியைக் காலத்தே தானறிந்துகொள்ளுதல் ஒருவனுக்குக் கூடுமோ? கூடுமெனில், அது தேக சுகத்தை மட்டும் பற்றிய காரியமோ, அன்றி ஒழுக்கத்தைச் சேர்ந்த கடமையோ? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சொல்லும் பொருளும்

இக்காலத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை முதல் பென்ஷன் வாங்கும் முதியவர் வரை யாவர் வாயிலும் 'டென்ஷன்' என்னும் சொல் புழங்குகின்றது. படித்தோர் 'மன அழுத்தம்' என்பர்; நம் வீட்டுப் பெண்டிர் 'மன உளைச்சல்' என்பர். பௌதிக நூலார், ஒரு பொருளின்மேல் விசை தாக்குங்கால் அதனுள் எழும் எதிர்விசையைத் 'தகைவு' என்றும், அதனால் அப்பொருளின் வடிவம் மாறுதலைத் 'திரிபு' என்றும் பிரித்துக் கூறுவர். மனிதனுக்கும் இப்பிரிவு பொருந்தும். வெளியிலிருந்து வரும் சுமை ஒன்று. அதனைத் தாங்குதற்கு உடலும் உள்ளமும் எடுத்துக்கொள்ளும் பிரயாசை மற்றொன்று. அப்பிரயாசை நீடித்ததனால் நேரும் கேடு மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே பல தவறுகள் நேர்கின்றன.

வியன்னா நகரில் 1907ஆம் ஆண்டு பிறந்து, கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி நடத்திய ஹான்ஸ் செல்யே என்னும் வைத்திய அறிஞர், 1936ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். எலிகளுக்குக் குளிர், காயம், அளவிறந்த உழைப்பு, நஞ்சு என வெவ்வேறு துன்பங்களை உண்டாக்கிப் பார்த்தபோது, துன்பம் வேறு வேறாயினும் உடலில் நேர்ந்த மாறுதல் ஒரே வகையாக இருந்ததைக் கண்டார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி பெருத்தது. வயிற்றில் புண் தோன்றியது. இம்மாறுதல் மூன்று படிகளாக நிகழ்கின்றது என்றும் அவர் கூறினார். முதற்படி திடுக்கிடுதல், இரண்டாம் படி எதிர்த்து நிற்றல், மூன்றாம் படி சோர்ந்து வீழ்தல்.

அன்பர்கள் இவ்விரண்டாம் படியை உற்று நோக்க வேண்டும். இதுவே ஏமாற்றும் படி. முதற்படியில் நெஞ்சு துடிக்கின்றது, கை வியர்க்கின்றது, ஆகவே அறிகிறோம். மூன்றாம் படியில் படுக்கையில் விழுகின்றோம், அப்பொழுதும் அறிகிறோம். இடைப்பட்ட படியிலோ, மனிதன் வேலைக்குச் செல்கிறான், உண்கிறான், சிரிக்கவும் செய்கிறான். "எனக்கென்ன, கல்லுப்போல் இருக்கின்றேன்" என்கிறான். உள்ளேயோ, வைப்பு நிதி சிறிது சிறிதாகச் செலவாகிக்கொண்டிருக்கின்றது. கடன் வாங்கிச் செலவழிப்பவனும் சில காலம் செல்வனைப்போலவே காணப்படுகிறான் அன்றோ?

ஏன் அறிவதில்லை?

அறியாமைக்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பழக்கம். யான் நெசவாலையில் உழைத்த காலத்தில் கண்டது இது. தறிக்கூடத்தில் புதிதாக நுழையும் இளைஞன் முதல் நாள் காதைப் பொத்திக்கொள்வான். நூற்றுக்கணக்கான தறிகளின் ஓசை தலையைப் பிளக்கும். பத்து நாள் சென்றால், "இப்பொழுது சத்தம் தெரியவில்லை அண்ணே" என்பான். சத்தம் குறைந்ததோ? இல்லை. ஆண்டுகள் பல சென்றபின், வீட்டில் மனைவி இருமுறை அழைத்தாலன்றி அவன் திரும்பான். சத்தத்தைக் கேளாதிருக்கப் பழகியவன், கேட்கும் சக்தியையே இழந்துவிட்டான். சுமையை உணராதிருக்கப் பழகுதலும் இத்தகையதே.

இரண்டாவது, அளக்கவேண்டிய கருவியே கோணிவிடுதல். காய்ச்சலை அறியக் கண்ணாடிக் குழாய் உண்டு; அது காய்ச்சலால் கெடுவதில்லை. மனத்தின் பாரத்தையோ மனத்தினாலேயே அறிய வேண்டியிருக்கின்றது. பாரமேறிய மனம் தன்னைக் காட்டாது, பிறரைக் காட்டும். பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள் என்று சொல்லும். மேஸ்திரி வேண்டுமென்றே பழிவாங்குகிறான் என்று சொல்லும். குழம்பில் உப்பில்லை என்று சொல்லும். இவற்றிற் சில மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரே வாரத்தில் வீட்டிலும் வேலையிலும் வீதியிலும் எல்லாருமே கெட்டவர்களாகிவிட்டதாக ஒருவனுக்குத் தோன்றுமாயின், அவன் உலகத்தைச் சோதிப்பதற்கு முன் தன்னைச் சோதித்துக்கொள்ளக் கடவன்.

மூன்றாவது, தாங்கிக்கொள்வதே குணம் என்னும் போதனை. இது நம்மனோர்க்குத் தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்டது. பள்ளியில் இழிசொல் கேட்டால் பொறுத்துக்கொள். கூலி குறைந்தால் பொறுத்துக்கொள். வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டால் பொறுத்துக்கொள். இவ்வாறு வளர்ந்தவன், வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் கூசுகிறான்.

பொறுமை வேறு, மரத்துப்போதல் வேறு

இவ்விடத்தில் ஒரு பேதத்தைத் தெளிவாக அறிதல் வேண்டும். பகவன் புத்தர் பொறுமையைப் பாரமிதைகளுள் ஒன்றாகப் போதித்தார். ஆனால் பொறுமை என்பது வலியை அறியாதிருத்தல் அன்று. இன்னது என்னைத் தாக்குகின்றது, இவ்வளவு வலிக்கின்றது, ஆயினும் இதற்காகத் தீமை செய்யேன் என்று அறிந்து நிற்பதே பொறுமை. மரத்துப்போனவனோ வலியையும் அறியான். தான் செய்யும் தீமையையும் அறியான். மரத்துப்போன கால் நெருப்பில் பட்டாலும் எடுக்கப்படாது. அதனைப் பொறுமையுள்ள கால் என்று யாரேனும் புகழ்வரோ?

ஆகவே, தன் மனத்தின் நிலையை அறிதல் பொறுமைக்குப் பகையன்று; அதுவே பொறுமையின் வேர். சதிபட்டானம் என்னும் உபதேசத்திலும் இதனைக் காணலாம். உடல், உணர்ச்சி, மனம், தருமங்கள் என்னும் நான்கினையும் இடையறாது கவனிக்குமாறு அதில் கூறப்பட்டுள்ளது. அவற்றுள் மனத்தைக் கவனிக்கும் பகுதியில், சினமுள்ள மனத்தைச் சினமுள்ளதென்றும், சுருங்கிய மனத்தைச் சுருங்கியதென்றும், சிதறிய மனத்தைச் சிதறியதென்றும் அறியவேண்டும் என்பதே முதற் காரியம். அதனை வெறுக்கவோ மறைக்கவோ அங்குச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளவாறு அறிதலே முதலில் வேண்டப்படுகின்றது.

அறிகுறிகள்

தானியங்கித் தறியில் பாவின் ஒவ்வோரிழையின்மேலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும், தறி நின்றுவிடும். துணி பழுதாகாமல் காப்பதற்கு மனிதன் இயந்திரத்திற்கு இவ்வளவு கவனமான அறிகுறியை அமைத்துக் கொடுத்தான். ஆனால் தேர்ந்த நெசவாளி தகடு விழும்வரை காத்திரான். இழையில் பஞ்சு கிளம்புவதையும், பாவு மிகையாக இழுபடுவதையும் முன்னமே கண்டு சரிசெய்வான். நமக்கும் அத்தகைய முன்னறிகுறிகள் உண்டு. அவை மூன்றிடங்களில் தோன்றும்.

உடலில் தோன்றுவன முதல் வகை. பிடரியும் தோளும் இறுகும், உறங்கும்போது பல்லைக் கடித்தலால் காலையில் தாடை வலிக்கும், வயிறு எரியும், காரணமின்றி நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும். உறக்கம் வாராது, வந்தாலும் பின்னிரவில் விழிப்புத் தட்டி விடியும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரும். நம் மக்கள் மனத்தின் துயரை மனத்தின் துயராகச் சொல்வது அரிது. "கை கால் ஓய்ச்சல்", "தலைக்கனம்", "நெஞ்சை அடைக்கிறது" என்றே வைத்தியரிடம் சொல்வர். இது பொய்யன்று. ஆபத்துக் காலத்தில் ஓடவோ போராடவோ உதவும் பொருட்டுச் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் நீர்கள், ஆபத்து நீங்காதிருந்தால் மேன்மேலும் சுரந்து, உடலையே வருத்துகின்றன. ஆனால் ஒன்றை மறவற்க. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இதய நோயின் அடையாளமாகவும் இருக்கலாம்; ஆதலின் "வெறும் டென்ஷன்தான்" என்று தானே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

அறிவில் தோன்றுவன இரண்டாம் வகை. சிறு காரியத்தையும் தீர்மானிக்க முடியாமை; சாவியை வைத்த இடம் மறத்தல்; படித்த வரியையே மீண்டும் படித்தல்; ஒரே எண்ணம் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வருதல்; முன்பு இனித்த பாட்டும் பேச்சும் இனிக்காமை.

நடத்தையில் தோன்றுவன மூன்றாம் வகை. இவையே பிறருக்கு முதலில் புலப்படுவன. பீடியும் காப்பியும் மிகுதல். மதுவின்பால் கை நீளுதல். நண்பரைக் கண்டால் வேறு தெருவழியே செல்லுதல். வேலையில் பிழை மிகுதல். பதில் சொல்லும்முன் குரல் உயர்தல். குழந்தையை அடித்தபின் ஏன் அடித்தோம் என்று தெரியாதிருத்தல்.

இவற்றுள் ஒன்று ஒரு நாள் தோன்றினால் அஞ்சவேண்டுவதில்லை. பல சேர்ந்து வாரக்கணக்கில் நிலைத்தால், இழை அறுமுன் இழுவையைத் தளர்த்தவேண்டும் என்பதே அதன் பொருள்.

இது தன்னலமோ?

சிலர் கேட்பர்: "உலகில் பசித்தவர் எத்தனையோ பேர், நோயுற்றவர் எத்தனையோ பேர். அவ்வாறிருக்க, என் மனம் கனக்கிறது என்று ஒருவன் தன்னையே ஆராய்ந்துகொண்டிருத்தல் தன்னலமன்றோ? அஃது ஓய்வுள்ள செல்வர்க்கு உரிய விளையாட்டன்றோ?"

இதற்கு விடையை ஏழையின் வீட்டிலேயே காணலாம். ஆலையில் மேலதிகாரி மேஸ்திரியை ஏசுகிறார். மேஸ்திரி எதிர்த்துப் பேச இயலாமல் தொழிலாளியின்மேல் பாய்கிறார். தொழிலாளி அங்கு வாய்மூடி நின்று, வீட்டுக்கு வந்து மனைவியை ஏசுகிறான். அவள் பிள்ளையை அடிக்கிறாள். பிள்ளை தெருநாயின்மேல் கல்லெறிகின்றது. ஒருவர் மனத்தின் பாரம், அதனை அவர் அறியாமையால், தம்மினும் எளியவர்மேல் இறங்கி இறங்கிச் செல்கின்றது. தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வதுபோலத் துயரமும் திருப்பி அடிக்க முடியாதவரை நோக்கியே பாய்கின்றது. இச்சங்கிலியில் ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரையே குற்றவாளி என்பர். தமக்குக் கீழுள்ளவர்க்குத் தாம் செய்தது எவர் நினைவிலும் நில்லாது.

இச்சங்கிலியை எங்கே அறுப்பது? எவன் வீட்டு வாயிலில் ஒரு கணம் நின்று, "இந்தச் சினம் இவ்வீட்டில் பிறந்ததன்று, நான் வெளியிலிருந்து சுமந்துவந்தது" என்று அறிகிறானோ, அவனிடத்திலேயே அஃது அறும். உயிர்களுக்குத் துன்பம் செய்யாமை என்னும் முதற் சீலம் கத்தியைக் கீழே வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. தன் கைக்குள் கத்தி இருப்பதை அறியாதவன் அதனைக் கீழே வைப்பது எங்ஙனம்? ஆகலின், தன் மன அழுத்தத்தைத் தானறிதல் தன்னலமன்று. தன்னைச் சூழ்ந்த எளியவர்க்குச் செய்யும் முதற்கடமை.

இரண்டு அம்புகள்

இனி, இதற்கு எதிரான தவறும் ஒன்றுண்டு. எல்லாத் துயரும் மனத்தில்தான் இருக்கின்றது. மனத்தை அடக்கினால் போதும் என்று கூறுவோர் உளர். தொழிலாளர்க்குப் பன்னிரண்டு மணி நேர வேலையைக் கொடுத்து, பத்து நிமிடத் தியானத்தையும் உடன் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் முதலாளிகளும் உளர்.

போதிநாதர் இரண்டு அம்புகளின் உவமையைக் கூறியுள்ளார். அறிவில்லாதவனுக்கு ஓரம்பு தைக்கின்றது. அதனால் வருந்திப் புலம்பி, இரண்டாவதோர் அம்பையும் தன்மேல் தைத்துக்கொள்கிறான். அறிவுடையவனுக்கு முதலம்பின் வலி மட்டுமே உண்டு. இவ்வுவமை நம் கையிலுள்ள இரண்டாம் அம்பைக் கீழே போடச் சொல்கின்றது. ஆனால் முதலம்பை எய்தவன் யார் என்று கேட்கலாகாது என்று அது சொல்லவில்லை. அவனுக்கு அஃது அரணாகவும் ஆகாது. மனிதன் மனிதனுக்கு இழைக்கும் அநீதியையும் துக்கத்தின் காரணமாக எடுத்துக்காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில் உறுப்பினராக இருந்தார். வாரத்திற்கு 54 மணியாக இருந்த ஆலைவேலையின் வரம்பு 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 48 மணியாகக் குறைந்தது. ஆயிரமாயிரம் பேரின் மனத்திலிருந்து ஆறு மணி நேரப் பாரத்தை அச்சட்டம் இறக்கிற்று.

இன்றும் இது பழங்கதையன்று. உலகச் சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததனால் பக்கவாதமும் இதய நோயும் கண்டு 2016ஆம் ஆண்டில் மாண்டோர் சுமார் 7,45,000 பேர். நம் பெங்களூரில் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கணினித் தொழிலில் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடந்தரும் யோசனை எழுந்தபோது, ஊழியர் சங்கத்தார் வீதிக்கு வந்து எதிர்த்தனர். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டபின், அவ்வூர் மக்கள் பல்லாயிரவர் விடியுமுன் ரயிலேறி இந்நகருக்கு வந்து உழைத்து இரவில் திரும்புகின்றனர். குழந்தை உறங்கும்போது புறப்பட்டு, அது மீண்டும் உறங்கியபின் வீடு சேரும் தந்தைக்கு, "மூச்சைக் கவனி" என்பது மட்டும் மருந்தாகாது. அவனுக்கு ஊருக்கருகில் வேலை வேண்டும், நேரம் வேண்டும், கூலி வேண்டும்.

ஆயினும் ஒன்று கூறுவேன். எது தன்னை அழுத்துகின்றது என்று அறியாதவன் எதனைக் கேட்பான்? மரத்துப்போனவர்கள் சேர்ந்து சங்கம் அமைப்பதில்லை. தன் வலியை அறிந்தவனே தோழனின் வலியையும் அறிந்து, இருவருக்கும் பொதுவான காரணத்தைத் தேடுவான். ஆதலின் உள்ளே நோக்குதலும் வெளியே போராடுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

செய்யத்தக்கன

ஏழைக்கும் இயலுவனவற்றையே கூறுகின்றேன்.

நாள்தோறும் மூன்று வேளை, கண்விழித்ததும், வேலை முடிந்து வீட்டில் நுழையுமுன்னும், படுக்குமுன்னும், பத்து மூச்சளவு நின்று உடலைக் கவனிக்கவேண்டும். தாடை இறுகியுள்ளதா? தோள் உயர்ந்துள்ளதா? மூச்சு எங்கே நிற்கின்றது? பின் மனத்தைக் கேட்கவேண்டும்: இப்பொழுது உள்ளது சினமா, அச்சமா, அயர்வா? பெயரிட்ட அளவிலேயே அதன் பிடி சிறிது தளரும்.

அடுத்து, வீட்டாரைக் கேட்கவேண்டும். "இப்பொழுதெல்லாம் நான் எப்படி இருக்கிறேன்?" என்று மனைவியையோ தாயையோ வாரம் ஒருமுறை கேட்டு, அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுதல் பெரிய சாதனை. நம் கண்ணில் படாத நம் முதுகு அவர்கள் கண்ணில் படுகின்றது.

மூன்றாவது, இழுவையைத் தளர்த்தல். கால் புண்ணாகும்வரை நடந்து சாதனை செய்த சோணர் என்னும் பிக்குவுக்கு, யாழின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறவாது என்று பகவன் உணர்த்தினார். அவர் முன்பு யாழ் வாசித்தவராதலின் உடனே உணர்ந்தார். தருமத்திற்கான முயற்சியிலும் மிகை ஆகாதென்றால், கூலிக்கான முயற்சியிலும் கடனுக்கான கவலையிலும் அது எங்ஙனம் ஆகும்? உறக்கம், நடை, நண்பரோடு கலந்துபேசுதல் ஆகிய மூன்றும் சோம்பலன்று, நரம்பைப் பதப்படுத்துதல்.

நான்காவது, உதவி கேட்டல். துயரம் இரண்டு வாரத்திற்கு மேலும் விடாது பற்றினாலும், வாழ்க்கையில் வெறுப்புத் தட்டினாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், தாமதியாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சொல்லி நம்மவர் பலர் இன்னும் அஞ்சுகின்றனர். 1954ஆம் ஆண்டு அகில இந்திய மனநலக் கழகம் ஏற்பட்டு, 1974ஆம் ஆண்டு அது மனநல ஆஸ்பத்திரியோடு இணைந்து இந்நிறுவனம் ஆயிற்று. அந்நிறுவனத்தார் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோர் 100 பேரில் 10 பேருக்கு மேல் ஏதேனுமொரு மனநலக் குறைவு உடையவராயிருந்தனர். நோயின் வகைக்கேற்ப, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். ஆகவே இஃது அரிதானதுமன்று, வெட்கப்படத்தக்கதுமன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதவேண்டும் என்று கூறுகின்றது. நேரில் செல்ல இயலாதார்க்கு, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவி உண்டு. அதன் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

முடிவுரை

அன்பர்களே! நம் முன்னோர் பிறர் சுமத்திய பாரத்தைச் சுமந்தனர். அது பாரம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடமில்லை. நாம் சொல்ல உரிமை பெற்றோம். அவ்வுரிமையின் முதற்பயன், நமக்கு நாமே உண்மை சொல்லிக்கொள்ளுதலாம். இன்று மாலை வேலை முடிந்து வீடு சேரும்போது, கதவைத் தட்டுமுன் பத்து மூச்சளவு நில்லுங்கள். தோளில் என்ன சுமந்து வந்திருக்கிறோம் என்று பாருங்கள். அதனை உள்ளிருக்கும் குழந்தையின் தலையில் இறக்கிவையாதிருக்க அதுவே போதிய காவலாகும்.